பந்து போகலாம், ஆள் போகக் கூடாது

கண்டி நித்தவெல மைதானத்தின் வேலியோரம் நின்று மழையில் ரகர் பார்த்தவர்களுக்கு ஒரு சத்தம் காதிலேயே தங்கிவிடும். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடி வருகிறான். எதிரே நிற்பவன் கடைசி இரண்டு எட்டில் உடம்பைத் தாழ்த்துகிறான். அவன் தோள் போய் ஓடி வருகிறவனின் இடுப்புக்குச் சற்று மேலே இறங்குகிறது. லொறியிலிருந்து அரிசி மூடையைப் போட்டது மாதிரி ஒரு ‘தொம்’. இருவரும் சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓர் ஆள் நீளம் போய் நிற்கிறார்கள். விழுந்தவன் வாயில் புல். கூட்டத்தில் பாதி ‘ஹோ’ என்கிறது, மீதி சிரிக்கிறது. மத்தியஸ்தர் விசிலைத் தொடவே இல்லை.

அன்றிரவு அதே ஆட்கள் வீட்டில் அமர்ந்து இங்கிலாந்து பிரிமியர் லீக் பார்ப்பார்கள். அங்கே ஒரு பின்கள வீரர் அரை நொடி பிந்திக் காலை நீட்டி எதிராளியின் கணுக்காலைத் தட்டினாலே போதும். விசில், மத்தியஸ்தரைச் சூழ்ந்துகொள்ளும் பத்துப் பேர், காதில் கைவைத்துக் காத்திருக்கும் மத்தியஸ்தர், திரையில் மெதுவாக ஓடும் மறுஒளிபரப்பு, அட்டை. அறையில் வயதான ரசிகர் ஒருவர் இருந்தால் கட்டாயம் ஒரு பெருமூச்சும் வரும்: “இப்ப ஆடுறது பந்தா? நோர்மன் ஹண்டர் ஆடின காலத்தில இதையெல்லாம் பிழை என்றே சொல்லமாட்டான்.”

அந்தப் பெருமூச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் அதில் சொல்லப்படாததும் நிறைய.

ரகரும் உதைபந்தாட்டமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1863ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் லண்டன் கிரேட் குவீன் வீதியில் இருந்த ஃப்ரீமேசன்ஸ் டவர்ன் என்ற விடுதியில் கழகங்களின் பிரதிநிதிகள் கூடிக் கூடிப் பேசினார்கள். பாடசாலைக்கொரு விதியாக ஆடப்பட்ட விளையாட்டுக்குப் பொது விதி வகுப்பது நோக்கம். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்பது ஒரு தகராறு. அதைவிடச் சூடானது ‘ஹாக்கிங்’ பற்றிய தகராறு. அதாவது ஓடுகிறவனை முழங்காலுக்குக் கீழே எலும்பில் உதைத்து விழுத்தும் உரிமை. பிளாக்ஹீத் கழகத்தின் எஃப். டபிள்யூ. கம்பெல் அந்த உரிமைக்காக வரிந்துகட்டினார். அதை எடுத்துவிட்டால் ஆட்டத்தில் ஆண்மை போய்விடும், ஒரு வாரம் பழகிய பிரெஞ்சுக்காரரைக் கொண்டுவந்தே உங்களைத் தோற்கடித்துக் காட்டுவேன் என்று சவால் விட்டார். வாக்கெடுப்பில் அவர் பக்கம் தோற்றது. பிளாக்ஹீத் எழுந்து வெளியேறியது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1871இல், ரகர் கழகங்கள் தமக்கென்று ஒன்றியம் அமைத்தபோது பிளாக்ஹீத் அதில் முன்வரிசையில் இருந்தது. அந்த ஒன்றியத்தின் முதல் விதிகளிலும் ஹாக்கிங்குக்குத் தடைதான். எந்த உதைக்காகக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனார்களோ, அதே உதையைப் புது வீட்டிலும் உள்ளே விடவில்லை. ஆனால் ரகர் ஒன்று செய்தது. காலுக்குப் பதிலாகக் கையையும் தோளையும் கொடுத்து, ஆளைப் பிடித்து விழுத்துவதை ஆட்டத்தின் நடுவிலேயே வைத்தது. உதைபந்தாட்டமோ ஆளைப் பிடிக்காதே, உதைக்காதே, பந்தை எடு என்று எழுதி வைத்துவிட்டு, எழுத்துக்கும் மத்தியஸ்தரின் கண்ணுக்கும் இடையில் ஒரு சந்தைத் திறந்துவிட்டது. இங்கிலாந்தின் முரட்டு வீரர்கள் நூறாண்டு காலம் குடியிருந்தது அந்தச் சந்தில்தான்.

இரண்டும் கப்பலேறி இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டில் பங்கு பிரித்த விதமே வேறு. ரகர் தோட்டத் துரைமாரோடு மலை ஏறியது. கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தொடங்கியது. 1891இல் கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ், அந்த ஆண்டிலேயே மாணவர் கையில் ரகர் பந்தைக் கொடுத்துவிட்டார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதியதுதான் நாட்டின் முதல் பாடசாலைகளுக்கிடையிலான ரகர் ஆட்டம். ஆறுக்கு ஆறு என்று சமநிலையில் முடிந்தது. பிறகு 1945இல், கொழும்பு ரோயல் கல்லூரியின் அதிபர் பதவியிலிருந்து விடைபெற்ற ஈ. எல். பிரட்பி ஒரு கேடயத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ரோயலும் திரித்துவமும் கண்டியில் ஓர் ஆட்டம், கொழும்பில் ஓர் ஆட்டம் ஆட, இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பிரட்பி கேடயம் அது. கண்டி ஆட்டத்தன்று கொழும்பிலிருந்து ஏறி வரும் வாகனங்களின் கொடிகளைப் பார்த்தே ஊருக்கு என்ன நாள் என்று தெரிந்துவிடும்.

உதைபந்து போன வழி வேறு. அது கோயில் திருவிழா, மேதின விடுமுறை, தோட்டங்களுக்கிடையிலான போட்டி என்று லயத்து இளைஞர்களோடு ஒட்டிக்கொண்டது. தேயிலை மலையில் சமதரை கிடைப்பது அபூர்வம். ஒரு பக்கம் சரிவும் மறுபக்கம் வடிகானும் உள்ள மைதானத்தில் பந்து பள்ளத்துக்குப் போனால் எடுத்துவர ஒரு சிறுவன் தயாராக நிற்பான். அங்கே பின்கள வீரனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்: பந்து போகலாம், ஆள் போகக் கூடாது, ஆள் போகலாம், பந்து போகக் கூடாது, இரண்டும் சேர்ந்து போனால் நீ வீட்டுக்குப் போ. இந்தப் பாடத்தை நோர்மன் ஹண்டரின் லீட்ஸ் நகரத்தில் யாரும் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே பெரும்பாலும் வெறுங்கால். வெறுங்காலோடு ஆளின் காலை அடிப்பவன் தன் விரலையும் பணயம் வைக்கிறான். 1911இல் கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யோர்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என்று மோகன் பகான் வென்றபோது, சுதிர் சட்டர்ஜி ஒருவரைத் தவிர மற்றப் பத்துப் பேரும் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். எதிரே சப்பாத்துப் போட்ட சிப்பாய்கள். அப்படிப்பட்ட ஆட்டத்தில் வெறுங்கால்காரனின் ஆயுதம் உரசல் அல்ல, விலகல். இங்கிலாந்தின் முரட்டு வீரரை உண்டாக்கியதில் அவருடைய குணத்துக்கு எவ்வளவு பங்கோ, கணுக்காலுக்கு மேல் ஏறிய தடித்த தோல் சப்பாத்துக்கும் அடியில் அறைந்த கட்டைகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இனி அந்த ஆட்களிடம் வருவோம்.

1966 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து அணியின் நொபி ஸ்டைல்ஸைப் பார்த்தால் யாரும் பயப்படமாட்டார்கள். குள்ளம், கண்பார்வை மங்கல், கொண்டக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு ஆடினார், முன்பற்கள் பொய்ப்பற்கள், ஆட்டத்துக்கு முன் கழற்றி வைத்துவிடுவார். பிரான்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஜாக் சிமோனை அவர் அடித்த அடியைப் பார்த்து, அவரை அணியிலிருந்து எடுக்கும்படி மேலிடத்திலிருந்து பயிற்சியாளர் அல்ஃப் ராம்சிக்கு நெருக்குதல் வந்தது. அவர் போனால் நானும் போவேன் என்று நின்றார் ராம்சி. அடுத்த சில நாட்களில் அரையிறுதியில் போர்த்துக்கல்லின் யூசேபியோவுக்கு நிழலாக நிறுத்தப்பட்டவர் ஸ்டைல்ஸ்தான். யூசேபியோவுக்குக் கிடைத்தது பெனால்டியில் ஒரு கோல் மட்டும். கிண்ணத்தை வென்றதும் ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் பொய்ப்பற்களுமாக வெம்பிளியில் அவர் ஆடிய குதியாட்டத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

லிவர்பூலின் டொமி ஸ்மித் பற்றி அவருடைய முகாமையாளர் பில் ஷாங்க்லி சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது: அவன் தாய் வயிற்றில் பிறந்தவனல்ல, கல்லுடைக்கும் குவாரியில் வெட்டி எடுக்கப்பட்டவன். செல்சியின் ரொன் ஹாரிஸுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் ‘சொப்பர்’, வெட்டுக்கத்தி. லீட்ஸின் நோர்மன் ஹண்டருக்கு வாய்த்தது இன்னும் மோசம். 1972 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்துக்கு லீட்ஸ் ரசிகர்கள் தூக்கிவந்த பதாகையில் அவர் காலைக் கடிப்பார் என்று எழுதியிருந்தது. பெயர் சாகும்வரை ஒட்டிக்கொண்டது.

இவர்களைப் பற்றிய பேச்சு கடைசியில் வந்து நிற்பது ஓர் ஆட்டத்தில்தான். 1970 எஃப்.ஏ. கிண்ண இறுதி, செல்சியும் லீட்ஸும். வெம்பிளியில் நடந்த முதல் ஆட்டம் 2–2. குதிரைக் கண்காட்சி நடத்திக் குதறிப்போட்ட புல்வெளி அது. அன்று லீட்ஸின் எடி கிரே இடதுபக்கத்தால் புகுந்து செல்சியின் டேவிட் வெப்பைப் படாத பாடு படுத்தினார். ஏப்ரல் 29ஆம் திகதி ஓல்ட் ட்ரபோர்டில் மறுஆட்டம். செல்சி ஒரே ஒரு மாற்றத்தை யோசித்தது: கிரேயைக் கவனிக்கும் பொறுப்பை வெப்பிடமிருந்து வாங்கி ஹாரிஸிடம் கொடுத்தது. ஆட்டம் சூடுபிடிப்பதற்கு முன்னமே ஹாரிஸின் கால் கிரேயின் முழங்காலுக்குப் பின்னால் போய் இறங்கியது. அதற்குப் பிறகு கிரே மைதானத்தில் இருந்தார், அவ்வளவுதான். செல்சியின் கோல்காப்பாளர் பொனெட்டி ஒரு மோதலில் முழங்காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டே ஆடினார். மேலதிக நேரத்தில் 2–1 என்று செல்சி வென்றது. வெற்றிக் கோலைத் தலையால் இடித்தவர் முதல் ஆட்டத்தில் அவமானப்பட்ட அதே வெப்.

அன்றிரவு பிரிட்டனில் 2 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மத்தியஸ்தர் எரிக் ஜெனிங்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டது ஒரே ஒரு பெயர். 1997இல் டேவிட் எலரே என்ற மத்தியஸ்தர் அந்தப் படத்தைப் பார்த்துத் தற்கால விதிப்படி கணக்குப் போட்டார்: ஆறு சிவப்பு, இருபது மஞ்சள். 2020இல் மைக்கல் ஒலிவர் அதே படத்தைப் பார்த்தார். அவர் கணக்கில் சிவப்பு மட்டும் பதினொன்று. படம் ஒன்றேதான், அதில் யாரும் புதிதாக யாரையும் உதைக்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியது பார்க்கிறவரின் கண்.

ஜெனிங்ஸைக் கோழை என்று சொல்ல முடியாது. அன்றைய வழக்கம் அது. முதல் அடி இலவசம் என்பது எழுதாத விதி. மத்தியஸ்தர் கூப்பிட்டு விரலை ஆட்டிவிட்டு அனுப்பிவிடுவார். முன்கள வீரர்களும் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவர்கள்தான். மழைக்காலத்தில் டார்பி நகரத்தின் பேஸ்போல் கிரவுண்ட் மாதிரி மைதானங்கள் நாற்று நடத் தயாரான வயல்போல் கிடக்கும். அந்தச் சேற்றில் சறுக்கிக்கொண்டு போய்க் காலை நீட்டுகிறவனுக்குத் தன் வேகத்தை நிறுத்த இயலாது. நிறுத்த விருப்பமும் இருக்காது. 1975 நவம்பரில் அதே மைதானத்தில் ஹண்டரும் ஃபிரான்சிஸ் லீயும் அடிபட்டு, இருவரும் வெளியேற்றப்பட்டு, வெளியே போகிற வழியில் மறுபடி ஒருமுறை கைகலந்தார்கள்.

இவ்வளவு சொல்லியும் ஹண்டரை வெறும் அடியாள் என்று நினைத்தால் அது தவறு. இங்கிலாந்தின் தொழில்முறை வீரர் சங்கம் ஆண்டின் சிறந்த வீரரைத் தெரிவுசெய்யும் வழக்கத்தை 1974இல் தொடங்கியபோது, முதல் விருது போனது அவருக்குத்தான். வாக்களித்தவர்கள் சக வீரர்கள், அதாவது அவரிடம் அடிவாங்கியவர்கள். அவருடைய இடது காலின் பந்துக் கடத்தல் நேர்த்தியானது என்பதைக் காலைக் கடிக்கும் கதை மறைத்துவிட்டது.

அந்த வாழ்வின் மிகப் பெரிய சோகமும் ஓர் அடி அல்ல. போடாத ஓர் அடி. 1973 ஒக்டோபர் 17, வெம்பிளி. உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறப் போலந்தை இங்கிலாந்து வென்றே ஆகவேண்டும். அணியில் பொபி மூருக்குப் பதிலாக ஹண்டர். ஐம்பத்தேழாவது நிமிடத்தில், எல்லைக்கோட்டோரம் நடுமைதானத்துக்கு அருகில் பந்து அவரிடம் வருகிறது. போலந்தின் கிரேகோஷ் லாட்டோ நெருங்குகிறார். பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்துத் தள்ளியிருக்கலாம். ஆளோடு சேர்த்து அடித்திருந்தாலும் அன்றைய நாளில் பெரிய குற்றமில்லை. ஹண்டர் ஒரு கணம் தயங்குகிறார், கால் பந்தில் சரியாகப் படவில்லை. லாட்டோ பந்தோடு பறக்கிறார், டொமார்ஸ்கிக்குக் கொடுக்கிறார், கோல். ஆட்டம் 1–1. இங்கிலாந்து உலகக் கிண்ணத்துக்குப் போகவில்லை. காலைக் கடிப்பவர் என்று பெயரெடுத்தவர் கடிக்கத் தவறிய அந்த ஒரு தருணத்துக்காகக் காலமெல்லாம் கேள்வி கேட்கப்பட்டார். 2020 ஏப்ரலில் கொவிட் தொற்றால் காலமானார்.

இன்னொரு பெயரையும் விட்டுவிட முடியாது. டொட்டன்ஹாமின் டேவ் மக்கே. 1966 ஓகஸ்டில் லீட்ஸின் பில்லி பிரெம்னரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கும் அவருடைய படம், உதைபந்தாட்டப் படங்களிலேயே மிகப் பிரபலமானவற்றில் ஒன்று. அடித்தவர் பிரெம்னர்; அடிபட்டது மக்கேயின் கால். அதே கால்தான் முன்னர் ஓராண்டு இடைவெளிக்குள் இரண்டு தடவை முறிந்து ஒட்டியிருந்தது. தன்னைச் சண்டியனாகக் காட்டுகிறது என்று அந்தப் படத்தையே மக்கே வெறுத்தார். முரட்டு வீரர்களைப் பற்றிய பழங்கதைகளில் அடித்தவர்களின் சிரிப்பு நிறையக் கேட்கிறது. முறிந்த காலின் பக்கத்திலிருந்து அந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் அவ்வளவு சிரிப்பு வராது. நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன் கணுக்கால் சிதைந்து கடைசியாக ஒரு போட்டியில் ஆடியபோது வயது இருபத்தெட்டு.

இவர்களை ஒழித்தது ஒருவருடைய நல்லெண்ணமல்ல. சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து ஒழித்தன. 1966 உலகக் கிண்ணத்தில் யாரை மத்தியஸ்தர் எச்சரித்தார் என்பதே வீரர்களுக்குத் தெரியாத குழப்பம் நேர்ந்தது. மத்தியஸ்தர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் அஸ்டன் காரோட்டிப் போகையில் வீதிச் சமிக்ஞை விளக்கில் நிற்கிறார், மஞ்சள், சிவப்பு. 1970 உலகக் கிண்ணத்தில் அட்டைகள் வந்தன. இங்கிலாந்து லீக்குக்கு அவை வந்தது 1976 ஒக்டோபர் 2ஆம் திகதி. முதல் நாளே சிவப்பு வாங்கியவர்களில் ஒருவர் ஜோர்ஜ் பெஸ்ட், அதுவும் வாய்த்தகராறுக்காக. 1998 உலகக் கிண்ணத்தோடு பின்னாலிருந்து விழுத்தும் அடிக்குச் சிவப்பு என்றாகியது. மைதானங்களில் வடிகால் வந்து சேறு போனது. பத்து இருபது கமராக்கள் வந்தன. 1992இல் ஓர் ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நொடியில் எச்சரிக்கை வாங்கிய வின்னி ஜோன்ஸ், முரட்டு வீரர்களைப் பற்றி ஒரு வீடியோ நாடாவில் பெருமை பேசியதற்காக அதே ஆண்டில் 20,000 பவுண் அபராதமும் கட்டினார். பிறகு அவர் திரைப்படங்களில் அடியாள் வேடத்துக்குப் போனது பொருத்தமான ஓய்வூதியம்தான்.

சரி, நித்தவெலவில் கேட்ட அந்தத் ‘தொம்’? அது மட்டும் ஏன் தப்பியது?

ரகரில் அது சந்தில் ஒளிந்து செய்யும் வேலையாக இருக்கவில்லை. ஆளைப் பிடிக்கலாம், ஆனால் பந்து அவன் கையில் இருக்கவேண்டும். தோளுக்கு மேலே தொடக் கூடாது. கையைச் சுற்றிப் பிடிக்காமல் வெறும் தோளால் இடிக்கக் கூடாது. ஆகாயத்தில் எழும்பியவனைத் தொடக் கூடாது. தூக்கித் தலைகீழாகப் போடக் கூடாது. மீறினால் பத்து நிமிடம் வெளியே, அல்லது மிச்ச நேரம் முழுக்க வெளியே. இவ்வளவு வேலிக்குள்ளும் பலத்தைக் காட்ட இடம் இருந்ததால், பலசாலி ஒளிய வேண்டியதில்லை. மத்தியஸ்தரைச் சூழ்ந்து கத்துகிற வழக்கமும் இங்கே வேரூன்றவில்லை. பேசுவதென்றால் தலைவர் பேசுவார். கண்டி ரசிகர்கள் மட்டும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து மத்தியஸ்தரின் கண்பார்வை, பிறந்த ஊர் எல்லாவற்றையும் விசாரிப்பார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1990களின் பிற்பகுதியிலிருந்து பெரும்பாலான ஆண்டுகளில் இலங்கைக் கழக ரகர் லீக் பட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது கண்டி விளையாட்டுக் கழகம். அந்தக் காலத்தை நினைக்கும் ரசிகரிடம் ஒரு பெயர் கேட்டால், இடிக்கிறவர் பெயரைவிட இடியிலிருந்து நழுவுகிறவர் பெயர்தான் முதலில் வரும். கிங்ஸ்வூட்டிலிருந்து வந்து கண்டிக்கும் இலங்கைக்கும் ஆடிய ஃபசில் மரிஜா அப்படிப்பட்டவர். முன்வரிசையார் முட்டித் தள்ளும் ஸ்க்ரமுக்குப் பின்னால் பந்தை வாங்கி, மூன்று பேர் நெருங்கும்வரை காத்திருந்து, கடைசி நேரத்தில் பந்தை வேறொருவன் கையில் போட்டுவிட்டு அடியை மட்டும் தான் வாங்கிக்கொள்வது அந்த இடத்தில் ஆடுகிறவனின் தொழில். இடிக்கிறவன் இல்லாவிட்டால் நழுவுகிறவனுக்கும் மதிப்பில்லை.

ரகரின் வேலியும் இப்போது நெருங்கி வருகிறது. தலையில் படும் அதிர்ச்சி மூளையை என்ன செய்கிறது என்பது தெரியத் தெரிய, அனுமதிக்கப்பட்ட உயரம் தோளிலிருந்து கீழே இறங்குகிறது. பிரான்ஸில் 2018இல் இளம் வீரர்கள் சிலர் இறந்ததை அடுத்து, தொழில்முறை அல்லாத ஆட்டங்களில் இடுப்புக்கு மேல் பிடிக்கத் தடை வந்தது. இங்கிலாந்தின் ஊர்க் கழகங்களில் 2023 முதல் நெஞ்செலும்பின் அடிக்கு மேல் பிடிக்க முடியாது. இதைக் கேட்டதும் கண்டியிலும் பெருமூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1863இல் கம்பெல் விட்ட அதே பெருமூச்சு.

பாடசாலை மைதானமொன்றில் காலை ஆறரை மணி. ஹந்தானை மலையில் மூடுபனி இன்னும் இறங்கிக் கிடக்கிறது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பையன்கள் இரண்டிரண்டு பேராக ஈரப் புல்லில் முழந்தாளிட்டிருக்கிறார்கள். நின்றுகொண்டு பிடிக்க இவர்களுக்கு இன்னும் அனுமதியில்லை. பயிற்றுநர் ஒவ்வொரு சோடியாக வருகிறார். கண்ணைத் திறந்து வை. கன்னம் அவன் பின்பக்கத்தில் ஒட்டவேண்டும். தலை ஒருபோதும் முன்னால் போகக் கூடாது. கையைச் சுற்று, இறுக்கு, விழு. ஒல்லியான பையன் ஒருவன் மூன்றாவது தடவையாகவும் தலையைத் தவறான பக்கம் வைக்கிறான். பயிற்றுநர் திட்டவில்லை, தானே முழந்தாளிட்டு அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பின்பக்கம் கொண்டுபோய் வைக்கிறார். “இங்க. திரும்ப.” பையன் கன்னத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருப்பவனைப் பார்த்து மறுபடி தாழ்கிறான்.